கண்வலிப் பூவும் நீங்கள் சொன்ன வலியும்

அன்பும் வாக்குவாதமுமாக என்னோடு பதினோரு வருஷம் நடந்த நங்கையாவுக்கு,

ஐப்பசி பிறந்து பாதி மாதம் ஆகிவிட்டது. மழை இந்த வருஷம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பகலெல்லாம் வெயில் அடிக்கிறது, பொழுது சாய்ந்ததும் பெய்கிறது, விடியும்போது நடக்கிறவர்களுக்கு வழிவிட்டு நின்றுவிடுகிறது. காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்தால் குருடிமலை பாதி தெரிகிறது, மீதியை மேகம் மூடியிருக்கிறது. நான் மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அண்ணன் மனைவியை நம் பக்கத்தில் நங்கையா என்போம். டிவி பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அண்ணி என்கிறார்கள். நானும் ஒருநாள் விளையாட்டுக்கு உங்களை அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் பின்னால் திரும்பி, "யாரைக் கூப்படற அம்மணி?" என்று கேட்டீர்கள். அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி அச்சில் போடக் கொடுக்கிறேன். வீட்டு விஷயம் வீதிக்குப் போவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் இந்த விஷயம் தப்பாக வீதிக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. சரியானதும் போகட்டும்.

முதலில் நம் வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மாறவில்லை. நாம் மூன்று பேரும் இருந்த துடியலூர் வீட்டிலிருந்து இறங்கி, ரயில் பாதையை ஒட்டிய மண் ரோட்டில், மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற பள்ளம் வரைக்கும் போய், விற்காத வீட்டுமனைச் சைட்டுகளைச் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி வீடு. முனை வீட்டு மரமல்லி இந்த முறை முந்திக்கொண்டு பூத்துவிட்டது. காலையில் ரோடு வெள்ளையாகக் கிடக்கிறது. கூட்டுகிற அம்மா மரத்தைத் திட்டிக்கொண்டே கூட்டுகிறார். நீங்கள் பூவை மிதிக்காமல் ஓரமாக ஏறிப் போவீர்கள். விழுந்த பூவுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டு நான் நேராகப் போவேன். இப்போதும் நேராகத்தான் போகிறேன். நீங்கள் போனபிறகு நான் மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மின்கம்பத்தைப் பிடித்து இழுத்துக் கட்டியிருக்கிற கம்பியில் முடக்கத்தான் உச்சி வரைக்கும் ஏறியிருக்கிறது. போகிற வருகிற பள்ளிப் பிள்ளைகள் அதன் காயை அமுக்கி வெடித்துவிட்டுப் போகிறார்கள். சைட்டுகளில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம். பண்ணைக்கீரை முற்றிப்போய் வெள்ளையும் ரோஸுமாகக் கதிர் விட்டு நிற்கிறது. தொய்யக்கீரை மட்டும் இன்னும் கொழுந்தாக இருக்கிறது. நடக்கப் போகிறவர் கையில் எதற்கு மஞ்சள் பை என்று உங்களை எத்தனை நாள் கேட்டிருப்பேன்! நீங்கள் குனிந்து கிள்ளிக்கொண்டே வருவீர்கள். மதியம் அந்தக் கீரையை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவளும் நான்தான்.

உங்கள் மகள் போன வாரம் ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வந்தாள். அவள் வீட்டுக்கு முன்னால் மரமெல்லாம் சிவந்து இலை கொட்டிக்கொண்டிருக்கிறது. "அத்தை, இங்க இதைப் பாக்கறதுக்குன்னே எல்லாரும் நடக்கறாங்க" என்றாள். நான் போனை நம் வேலிப் பக்கம் திருப்பிக் காட்டினேன். நம் ஊரில் இந்த மாதத்தில்தான் காய்ந்த குச்சியெல்லாம் இலை விடுகிறது. கோடை முழுக்க வெறும் முள்ளாக நின்ற கிளுவை வேலி இப்போது பச்சைப்பசேல் என்று இருக்கிறது. அவள் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "அம்மா தொட்டுத் தொட்டு உடுவாளே, அந்தப் பூவு வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

வந்துவிட்டது நங்கையா. பள்ளத்துக்குப் பக்கத்தில், இன்னும் யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற அந்த ஒன்றரை ஏக்கரின் கிளுவை வேலியில் கண்வலி ஏறிப் பூத்திருக்கிறது. முதல் நாள் மஞ்சளும் பச்சையுமாக, மறுநாள் நுனியில் சிவப்பு ஏறி, பிறகு முழுக்கச் சிவந்து, இதழை மேல்நோக்கி மடித்துக்கொண்டு நிற்கிறது. புத்தகத்தில் செங்காந்தள் என்று போட்டிருப்பார்கள். நமக்குக் கண்வலிதான்.

எங்கள் வீட்டில் அந்தப் பூவைப் பார்க்கவே விட மாட்டார்கள். பார்த்தால் கண் வலி வரும், அதனால்தான் அந்தப் பெயர் என்று அம்மா சொல்லி, நாங்கள் சின்ன வயதில் அந்த வேலியைத் தாண்டும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறோம். நீங்கள் தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். உங்கள் அப்பா அதை ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டு விளைவித்தவர். விதை மருந்துக்குப் போகும் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. அதைவிட, அந்தப் பூவுக்கு மனிதர்கள்தான் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும் என்று சொன்னதை அறவே நம்பவில்லை. நீங்கள் வேலியோரம் நின்று ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு பூவில் பக்கவாட்டில் வளைந்து நிற்கிற காம்பின் நுனியில் ஒற்றிக் காட்டினீர்கள். பொட்டு வைப்பது போல அவ்வளவு லேசாக.

"பொழுது கௌம்பறதுக்குள்ள காட்டுல நிப்போம் அம்மணி. வெயில் ஏறிப்போச்சுன்னா ஒட்டாது. நானும் என்ற அக்காளும் ஆளுக்கு ஒரு வரிசை."

"அது உங்கப்பா காடுங்க நங்கையா. இது யார் வேலியோ. இதுல காய் புடிச்சா யாருக்கு ஆகுது?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதே. தொடாம உட்டா பாவம், வெறும் பூவாப் போயிரும்."

"அதையப் பாத்தா கண்ணு வலிக்குமுங்க."

"தெனம் ஆயரம் பூவத் தொட்டவ நானு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கேலி அது. அதற்குப் பிறகு உங்கள் கண்ணில் தூசி விழுந்தாலும், வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வந்தாலும், "கண்வலியப் பாத்துப்போட்டு வந்தீங்களா?" என்பேன். நீங்களும் என்னைத் திருப்பிக் கேட்பீர்கள். பத்து வருஷம் அது நமக்குச் சலிக்கவில்லை.

இப்போது போன ஐப்பசிக்கு வருகிறேன்.

அந்த வேலியோரம் நின்றுதான் முதலில் சொன்னீர்கள். "அம்மணி, இடது கண்ணுக்குப் பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது." உங்கள் கையில் அப்போதும் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. "பாக்காதீங்கன்னா கேட்டாத்தானே? கண்வலியப் பாத்துட்டு காதுவலியா வரும்?" என்றேன். சிரித்தீர்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மரமல்லி மரத்தடியில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். இடது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. "வலி விட மாட்டேங்குது, இமை தூக்க முடியலை" என்றீர்கள். "கூட்டற அம்மாளுக்குக் கண்ணடிக்கறீங்களா நங்கையா?" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

கடைசியாகச் சொன்னது பள்ளத்தருகே. "இன்னைக்கும் வலிக்குது அம்மணி" என்றீர்கள், அவ்வளவுதான். "அப்ப நாளைக்கு வேற வழில போலாங்க, பூவு கண்ணுல படாது" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செரி, நட" என்று முன்னால் போனீர்கள். சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, கோபித்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது என்று பேச்சை மாற்றினேன்.

நான் என்ன வேலை பார்த்தவள் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்க்கிற வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வேன். ஊரே நன்றாக ஓடுகிறது என்று சொல்கிற மோட்டாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட காதுதான் என் காது.

பள்ளத்தருகே நீங்கள் சொல்லி நாலாம் நாள், நடந்துவிட்டு வந்து காபிக்குப் பால் வைத்த இடத்திலேயே விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று வீங்கி வெடித்துவிட்டது என்றார்கள். டாக்டர் எங்களை வெளியே அழைத்து நிறுத்திக் கேட்டார். "இதுக்கு முன்னாடி கண்ணுக்குப் பின்னால வலி, இமை எறங்கறது, அந்த மாதிரி ஏதாச்சும் சொன்னாங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். "இல்லீங்க" என்றேன். அண்ணனும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"சொல்லியிருந்தா முன்னாடியே ஏதாச்சும் செஞ்சு பாத்திருக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நீங்களும் போய்விட்டீர்கள். பயத்தில் சொன்ன பொய்தான் அது. பயம் போனபிறகும் நான் அதைத் திருத்தவில்லை.

பொய் சும்மா கிடக்காமல் ஒரு வேலை செய்தது. டாக்டர் சொன்னதை யாரோ கேட்டு, அது துக்கத்துக்கு வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. "அழுத்தக்காரி. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொழைச்சிருப்பா" என்று உங்கள் சின்னம்மா சொல்லி அழுதார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அழுத்தக்காரி. ஒரு மளிகைச் சீட்டைக்கூட மறைத்து வைக்கத் தெரியாத உங்களுக்கு அந்தப் பெயர். உங்கள் மகளும் போனில் அழும்போது அதையேதான் சொன்னாள்: "ஏன் அத்தை அம்மா சொல்லவே இல்ல?" நான் மாடியில் என் அறையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். அவளிடமும் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

அதோடு நடையை நிறுத்திவிட்டேன். கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். பத்து மாதம் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தேன். புரட்டாசி கடைசியில் இரண்டு மழை விழுந்ததும், மேலேயிருந்து பார்த்தால் வேலிகள் பச்சை பிடித்திருந்தன. அதற்கு மேல் மாடியில் இருக்க முடியவில்லை. இதை உங்களுக்கான பிரியம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அந்தச் செடிகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். இறங்கிப் போனேன்.

ஒரு வாரம் கழித்து, கேட்டைத் திறக்கும்போது அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாரேன் சரசு" என்றார். ரயில்வே ஸ்டேஷனுக்குக்கூட ஸ்கூட்டரில் போகிறவர். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, கோயில் சுற்றுகிற மாதிரி மெதுவாக நடந்தார். "இதென்ன செடி? இது திங்கறதா?" என்று வழியெல்லாம் கேட்டார். முப்பத்தைந்து வருஷம் உங்கள் கையால் தொய்யக்கீரை சாப்பிட்டவர், செடியைக் காட்டினால் தெரியவில்லை!

கண்வலி வேலி வந்ததும் நின்றுவிட்டார். "உங்க நங்கையா இதையத்தானே தெனம் தொட்டுட்டு வந்தது?" என்று கேட்டார்.

அங்கேயே சொன்னேன். "அண்ணா, நங்கையா எங்கிட்ட வலிக்குதுன்னு சொன்னாங்க. ஒரு தடவை இல்லீங்க, மூணு தடவை. இந்தப் பூவச் சொல்லிக் கேலி பண்ணிப்போட்டேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னனுங்க."

அண்ணன் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்து தொங்கியது. அதன்பிறகு நாலு நாள் என்னோடு பேச்சில்லை. காபியை அவரே போட்டுக் குடித்தார். நான் மட்டும் நடந்தேன். நடக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஏழிலைப்பாலை பூத்து அந்த வாசனை தலையைப் பிடித்து அழுத்தியது. சங்குப்பூ நீலமாக வேலியெல்லாம் விரிந்திருந்தது. ஒன்றையும் ரசிக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போனேன்.

ஐந்தாம் நாள் காலை மறுபடியும் வாசலில் நின்றார். பள்ளம் வரைக்கும் கூடவே வந்தார். பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"எங்கிட்டயும் சொன்னா, சரசு."

எனக்கு விளங்கவில்லை.

"வலிக்குதுன்னு எங்கிட்டயும் சொன்னா. மருந்துக்கடைல சொட்டு மருந்து வாங்கியாந்து, ரெண்டு சொட்டு உட்டுட்டுப் படுன்னு சொல்லிப்போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களான்னு கேட்டா. ஞாயித்துக்கெழமை முடியட்டுமுன்னேன். டாக்டரு கேட்டப்ப உன்னையப் பாத்தேன். நீ இல்லீன்னே. எனக்கு அது தோதாப் போச்சு."

அந்தச் சொட்டு மருந்துப் பாட்டில் பிரிட்ஜ் கதவில் ஒரு வருஷமாக இருக்கிறது நங்கையா. தினம் பால் எடுக்கும்போது என் கை அதன்மேல் படும். யாருடையது என்று நான் கேட்டதில்லை, அவர் எடுத்துப் போட்டதும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நடுரோட்டில் நின்று, "நாலு நாள் எங்கூடப் பேசாம இருந்தீங்களே, எந்த மூஞ்சியோட?" என்று கத்தினேன். "உம்மேல கோவமில்ல கண்ணு. நீ சொல்லிப்போட்டே, நான் சொல்லலியேன்னுதான்" என்றார். பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொய் சொல்வதில் எங்களுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் நடக்கிறோம். அவர் நடை இன்னும் வேகம் பிடிக்கவில்லை. ஆவாரம்பூவைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்கிறார். பூளைப்பூ இப்போதுதான் வெள்ளைப் பஞ்சு காட்டுகிறது, அதைத் தும்பை என்று சாதிக்கிறார். நான் விடுவதில்லை. கண்வலிக் கொடியில் நீங்கள் தொடாமலேயே நாலைந்து காய் பிடித்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சி பார்த்த வேலை. உங்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டுமே. அந்த வேலியருகே நாங்கள் கொஞ்சம் நிற்கிறோம். பூவை நேராகவே பார்க்கிறோம். கண் வலிக்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைச் சரியாகப் பார்க்காமல் உங்களைக் கேலி பேசிக்கொண்டே கடந்திருக்கிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், "அட உடு அம்மணி" என்று சொல்லிவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம். நீங்கள் அந்த மூன்றாம் முறை சிரிக்காமல் பார்த்தீர்களே, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்க வேண்டும். அப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? இவளிடம் சொல்லிப் பயனில்லை என்று நினைத்தீர்களா? யாரிடம் கேட்பது இதை?

உங்கள் மகளிடம் நேற்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிவிட்டோம். முதலில் போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, "அம்மா சொன்னாளா? நெஜமாவே சொன்னாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சொன்னாள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டுகிற கட்டத்துக்கு இன்னும் அவள் வரவில்லை. வருவாள். வரட்டும்.

கார்த்திகையில் உங்கள் வருஷத் திதி. தாராபுரத்திலிருந்து சின்னம்மாவும் மற்ற ஒறம்பரையும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, நான் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். அண்ணன் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நின்றாலும் சரி, நடுவில் உட்கார்ந்துவிட்டாலும் சரி, நான் சொல்லி முடிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. நம் நங்கையா அழுத்தக்காரி இல்லை, வலிக்கிறது என்று வாயைத் திறந்துதான் சொன்னார், எங்களுக்குத்தான் காது இல்லை என்று சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
சரசு